வெங்காயத் தோட்டத்தில் பேரிடர் இசைஞர்

பேரிடர் இசைஞர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாததால் வேறு யாரோ என்று நினைத்து விலகிப் போயிருப்பீர்கள். கழுத்தில் பெரிய ஹெட்போன், தோளில் தண்ணீர் புகாத பை, கையில் நீண்ட தடி, தடியின் நுனியில் செத்த பூனையைப் போல மயிரடர்ந்த ஒரு பொருள், இவ்வளவையும் சுமந்துகொண்டு, வெள்ளம் வற்றாத தெரு ஒழுங்கையொன்றின் நடுவே காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கண்களை மூடி, தலையைச் சற்றே சாய்த்தபடி ஒருவர் நின்றால், அவர் வழி தவறியவரல்லர். மின்கம்பி திருத்த வந்தவருமல்லர். அவர் இசையமைத்துக்கொண்டிருக்கிறார்.

சில தவறான எண்ணங்களை முதலிலேயே திருத்திவிடுகிறேன். இவர் சினிமாவுக்கு இசையமைப்பவரல்லர். அப்படிக் கேட்டால் கோபம் வரும். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் இவரைப் பிடிக்க முடியாது. வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. ஒரு காலத்தில் வயலின் படித்தார். இப்போது அதைப் பற்றிக் கேட்டால், இறந்துபோன உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துவார். இவருடைய வேலை, தடி நுனியிலுள்ள அந்த மைக்கால் ஓசைகளைப் பிடிப்பது. பிடித்ததைக் கணினியில் இட்டு, நீட்டி, நசித்து, தலைகீழாக்கி, இருட்டாக்கிய மண்டபமொன்றில் சுற்றிவர வைத்த ஒலிபெருக்கிகள் வழியாக வெளியே விடுவது. மின்னொலி இசை என்று இதற்குப் பெயர். நல்ல கலைதான். தகரத்தில் மழை விழுவதை ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்பதில் என்ன பிழை இருக்கிறது? பிழை கேட்பதில் இல்லை. அந்தத் தகரத்தின் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை மறந்துபோவதில் இருக்கிறது.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னவுடன் நீங்களும் நானும் என்ன செய்வோம்? மண்ணெண்ணெய் வாங்குவோம். கூரைக்கு மேலே கல் வைப்போம். மாட்டை மேட்டில் கட்டுவோம். பேரிடர் இசைஞர் பற்றரிகளைச் சார்ஜில் போடுவார். தாழமுக்கம் வலுவிழந்து வேறு திசையில் போய்விட்டால் ஊர் மூச்சு விடும். அவர் இரண்டு நாட்களுக்கு ஒருவருடனும் கதைக்க மாட்டார்.

அவருடைய பேச்சை வைத்தும் இனங்காணலாம். சந்தித்தால் சுகமா என்று கேட்க மாட்டார், "உங்கடை பக்கம் இப்ப என்ன சத்தம்?" என்று கேட்பார். விழுந்த மதிலைப் பார்த்து "நேர்மையான சிதைவு" என்பார். வேரோடு பாறி விழுந்த மாமரத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்கை நல்ல கனம் இருக்கு" என்பார். எதையும் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். வாளி, வாசல் கேற், காஸ் சிலிண்டர், மற்றவர்களுடைய காரின் கதவு, ஒருமுறை செத்தவீட்டில் பந்தல் கால், எதுவும் தப்பியதில்லை. தட்டியபின் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைப் பார்க்கும்போது, பொருளின் சொந்தக்காரருக்குத் தன்னிடமே இல்லாத ஒன்றைக் களவு கொடுத்ததுபோல இருக்கும்.

இன்னொன்று. பேரிடர் மட்டும் இவருக்குப் போதாது. ஒரு கவிதையும் வேண்டும். பேரிடர் மட்டும் என்றால் செய்தியாகிவிடும். கவிதை சேர்ந்தால் கலையாகும் என்பது கொள்கை. கவிதை சின்னதாக இருக்க வேண்டும். எழுதியவர் மறுப்புச் சொல்லாத சுபாவமுள்ளவராக இருக்க வேண்டும். அந்தக் கவிதையை என்ன செய்வார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் வாசிப்பவர்களும் இருக்கலாம்.

நான் நெருங்கிப் பார்த்த மாதிரியின் பெயர் கிருஷாந். புத்தூரில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர், பேச்சில் மரியாதை உள்ளவர், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர். ஐரோப்பாவில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். திரும்பி வந்தபின் பத்து வருடங்கள் பயிற்சி பெற்றவரைப்போல நடந்துகொண்டார். வறட்சி ஆண்டில் வற்றிய கிணறொன்றுக்குள் வாளிகளை இறக்கி 'அடியின்மை' என்ற படைப்பைச் செய்தார். இடி விழுந்த பனையொன்றைச் சுற்றி மைக்குகள் ஒட்டி 'கரி' என்ற படைப்பைச் செய்தார். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். 'அடியின்மை'யின் நடுவில் ஓரிடம் உண்மையில் அழகாக இருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். அந்த இடத்தைப் பிறகு எடுத்துவிட்டாராம். அழகு கவனத்தைச் சிதறடிக்கிறது என்றார்.

சென்ற கார்த்திகைப் புயலன்று அவர் முதலில் போன இடம் குருநகர். கடற்காற்றில் றோஸ் என்ற பெண்ணின் வீட்டுக் கூரைத் தகரம் ஒரு பக்கம் கழன்று டமார் டமார் என்று அடித்துக்கொண்டிருந்தது. அயலவர்கள் ஏணியும் ஆணியும் கொண்டு வந்துவிட்டார்கள். கிருஷாந் ஏணிக்குக் குறுக்கே போய் நின்றார்.

"அக்கா, உந்த ஆணியை இப்ப அடிக்காதேங்கோ. கொஞ்சம் விடுங்கோ. இப்பிடி ஒரு தகரத்தை நான் இதுவரைக்கும் கேட்கேல்லை."

றோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் குழந்தை, தலைக்கு மேலே வானம்.

"எடுங்கோ தம்பி," என்றார். "நல்லா எடுங்கோ. எடுத்து முடிய, நீங்களே ஏறி ஆணியையும் அடிச்சுப்போட்டுப் போங்கோ."

தனக்கு உயரம் ஒத்துவராது என்றார் கிருஷாந்.

"அப்ப ஏணியை விட்டு விலகுங்கோ ராசா. எனக்கு ஈரம் ஒத்துவராது."

தகரம் அறையப்பட்டது. கிருஷாந் மனமுடைந்து தன் ஊர்ப்பக்கமான வலிகாமத்துக்குத் திரும்பினார். கடற்கரை ஆட்களுக்கு ஒலியுணர்வு குறைவு என்று என்னிடம் பின்னர் சொன்னார். அலைச் சத்தத்தைக் கேட்டே காற்றுத் திசையைச் சொல்லும் ஆட்களைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்.

இனி வெங்காயத்துக்கு வருகிறேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டவெளியில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. ஐந்து பேர் பங்காளிகள். ஒருவர் இறைத்த பிறகு மற்றவர் இறைக்கும் ஒழுங்குக்கு முறை என்று பெயர். முற்பகல் ஒருவர், கோயிலில் உச்சிப் பூசை மணி கேட்டால் அடுத்தவர். உங்கள் முறையில் நீங்கள் இறைத்தாலும் சரி, படுத்துத் தூங்கினாலும் சரி, மணி கேட்டால் முறை மாறிவிடும். அந்த ஒழுங்கைக் கவனிப்பது நீண்டகாலமாக என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. வேறு யாரும் சண்டை பிடிக்காமல் இதைச் செய்ததில்லை, அவ்வளவுதான்.

புயல் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. தண்ணீருக்காக அடித்துக்கொண்ட தோட்டங்களில் தண்ணீர் ஏறி நின்றது. நட்டு வேர் பிடித்த வெங்காயம் முழுவதும் நீருக்கடியில். மின்சாரம் இல்லை, ஆகவே மின்மோட்டார்கள் எல்லாம் ஆபரணங்களாகிவிட்டன. ஒரேயொரு பழைய மண்ணெண்ணெய் இறைப்பு மெசின்தான் ஓடியது. ஐந்து தோட்டத்துக்கும் ஒரு மெசின். ஆகவே உள்ளே இறைக்கும் முறையை அப்படியே வெளியே இறைப்பதற்கும் வைத்துக்கொண்டோம். மெசினைத் தன் தோட்டத்தில் வைத்துத் தண்ணீரை வீதிக்கு அப்பாலுள்ள வெள்ளவாய்க்காலுக்குத் தள்ள வேண்டும். அரை நாள் முழுதாக ஓடினால் ஒரு தோட்டம் வெளியே வரும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் வராது. ஐந்து பேரும் சுற்றி மறுபடி முறை வர மூன்றாம் நாளாகும். வெங்காயம் அதுவரை பொறுக்காது. இதில் விளங்காதது ஏதும் உண்டா? கிருஷாந்துக்கும் இதே வார்த்தைகளில்தான் சொன்னேன்.

அவர் வந்த அன்று முற்பகல் முறை ஆழ்வாப்பிள்ளையுடையது. அறுபதைக் கடந்தவர், தோட்டத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவர். அந்த வெங்காயத்தை அறுவடை செய்து சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனால்தான் அவருக்கு வருடம் ஓடும். அதில் ஒரு பங்கை விதைக்கு வைத்தால்தான் அடுத்த வருடமும் ஓடும். மெசின் ஓடத் தொடங்கித் தெற்கு மூலையில் வெங்காயத் தாள்களின் நுனி தெரியத் தொடங்கிய நேரத்தில் கிருஷாந் வந்து சேர்ந்தார். வரம்பில் நின்று தோட்டத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தண்ணி எப்பயிருந்து நிக்குது?"

"முந்தநாள் விடியவிருந்து, தம்பி."

"ஆழம் கூடின இடம் எது?"

"உந்த நடுப்பக்கம். அங்கை இன்னும் தாளே தெரியேல்லை."

"கீழை என்ன கிடக்கு?"

"வெங்காயம்."

"தண்ணிக்குக் கீழையோ?" கிருஷாந்தின் முகம் மலர்ந்தது. "அழுகத் தொடங்கினா ஏதும் சத்தம் வருமோ, ஐயா?"

ஆழ்வாப்பிள்ளை கேள்விக்கு மதிப்புக் கொடுத்து யோசித்தார். "சத்தம் வராது தம்பி. மணம் வரும்."

"மணத்தை எடுக்கேலாது," என்றார் கிருஷாந், உண்மையான வருத்தத்துடன். பிறகு மெசினைத் திரும்பிப் பார்த்தார். பூசை நேரத்தில் தும்மியவரைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "இதை ஒருக்கா நிப்பாட்டுவியளோ? கொஞ்ச நேரம்தான். எனக்கு அந்தத் தண்ணி சும்மா நிக்கிற சத்தம் வேணும்."

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? போடா என்று சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆழ்வாப்பிள்ளை மெசினை நிறுத்தினார்.

அவரை முட்டாள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் அனுபவத்தை வைத்து முடிவெடுத்தார். எங்கள் பக்கத்தில் அழிவுக்குப் பிறகு யாராவது கருவியோடு வந்தால், அழிவைக் காட்ட வேண்டும். பார்க்க வருபவர் வருவதற்கு முன்னரே விழுந்த கூரையைத் திருத்தியவருக்குக் கூரை விழவேயில்லை என்றாகிவிடும். ஓட்டைச் சட்டியை எறிந்தவருக்குச் சட்டியே இருந்ததில்லை. ஆகவே அதிகாரி வந்து பார்க்கும்வரை சேதத்தைக் கலைக்காமல் பாதுகாப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. வருபவர்கள் அதிகாரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டெங்கு நுளம்பைப் பற்றித் தெருக்கூத்துப் போட்டவர்கள் முடிவில் நுளம்பு வலை கொடுத்தார்கள். பிள்ளைகளை வெள்ளம் வரையச் சொன்னவர்கள் அரிசி கொடுத்தார்கள். மேலே சின்ன விமானம் பறக்கவிட்டுப் படம் எடுத்தவர்கள், மாதங்கள் கழித்து, கோழிக்குஞ்சுகளோடு வந்தார்கள். கிருஷாந் தான் ஒரு இசையமைப்பாளர் என்பதைத் தெளிவாகச் சொன்னார். வெளிநாட்டு நிறுவனமொன்றின் ஆதரவுக் கடிதத்தையும் காட்டினார். இசை என்றால் இசை. நுளம்புக்குக் கூத்து என்றால் வெங்காயத்துக்கு இசையாக இருக்கக்கூடாதா?

"தம்பி, தாறது எப்ப கையிலை வரும்?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

கிருஷாந் அப்போது ஹெட்போனை மாட்டியிருந்தார். உதடு அசைவதைக் கண்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஆழ்வாப்பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு 'கொஞ்ச நேரம்' தொடங்கியது.

தண்ணீருக்குள் இறக்கும் மைக் இறக்கப்பட்டது. எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றோம். முதலில், கிருஷாந் கால் வைத்த அதிர்ச்சியில் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டன. தவளைகள் வேண்டும் என்றார். தவளைகள் திரும்பவும் தொடங்கும்வரை காத்திருந்தோம். தொடங்கியபோது கூடுதலாகத் தொடங்கிவிட்டன. அவ்வளவு வேண்டாம் என்றார். அது அடங்கியதும் பாண் ரொட்டி விற்கும் பாண்காரரின் ஓட்டோ வந்தது, எல்லாப் பாண் ஓட்டோக்களும் போடும் அதே மெட்டைப் போட்டபடி. கிருஷாந் துள்ளியெழுந்து, போ போ என்று இரண்டு கையையும் வீசினார். தூரத்தில் இருந்து பார்த்த பாண்காரருக்கு அது அழைப்பாகத் தெரிந்தது. ஓட்டோவை வரம்போரம் கொண்டுவந்து நிறுத்தி, பாட்டைக் கூட்டிவிட்டு, "எத்தினை பாண் அண்ணை?" என்று கேட்டார். வாங்காமல் அனுப்ப முடியவில்லை.

மறு வரம்பில் மீனாம்பிகை நின்றார். அடுத்த முறை அவருடையது. கணவர் இல்லாமல் தனியாகத் தோட்டம் செய்பவர். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் முறைக்காகக் குழாயைத் தோளில் போட்டபடி காத்திருந்தார்.

"என்ன ஆழ்வாப்பிள்ளை அண்ணை, மெசினுக்கும் மௌன விரதமோ?"

"சத்தம் போடாதை பிள்ளை. எடுக்கினம்."

"என்னத்தை எடுக்கினம்?"

"தண்ணியின்ரை சத்தத்தை."

"தண்ணியை எடுத்தா நல்லம்," என்றார் மீனாம்பிகை. "சத்தத்தை விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ."

கிருஷாந் கையுயர்த்தி மௌனம் கேட்டார். அந்தக் குரலும் உள்ளே விழுந்துவிட்டதால் மறுபடி எடுக்க வேண்டும் என்றார். நான் அவர் அருகில் போய், வெயில் உச்சிக்கு ஏறுகிறது, முறை முடியப்போகிறது, மெசினை ஓடவிடுங்கள் என்று சொன்னேன். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் விலக்கிக் கேட்டார். "ஐயா, இந்த அமைதி திரும்பி வராது" என்றார். வெங்காயமும் திரும்பி வராது என்றேன். அதற்குள் காதை மூடிவிட்டார்.

கடைசியில் தவளை அளவாக, காற்று மெதுவாக, மனிதர் ஒருவரும் இருமாமல், தண்ணீர் தன்பாட்டில் நிற்க, கிருஷாந்தின் முகத்தில் பரவசம் படரத் தொடங்கிய அந்த நேரத்தில், கோயிலில் உச்சிப் பூசை மணி அடித்தது.

"ஐயோ," என்றார் கிருஷாந். "இன்னொருக்கா எடுப்பம்."

மீனாம்பிகை ஏற்கெனவே மெசினுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆழ்வாப்பிள்ளைக்கு அப்போதுதான் வெயில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. "பிள்ளை, ஒரு அரை மணித்தியாலம் விடுமன். என்ரை பாதியும் இன்னும் வெளியிலை வரேல்லை."

"அண்ணை, நான் உங்களுக்கு விட்டால் எனக்கு ஆர் விடுறது? என்ரை வெங்காயத்துக்கு உந்தச் சங்கீதம் ஒண்டும் விளங்காது. அது தண்ணிக்குள்ளை மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முறை முறைதான் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் இன்னொருவருடைய வெங்காயத்தை எடுத்துக் கொடுப்பதாக இருந்திருக்கும். மீனாம்பிகை மெசினை இழுத்துக்கொண்டு போனார். போகும்போது கிருஷாந்தின் பூனைத்தடியில் குழாய் தட்டுப்பட்டது. தற்செயலாகத்தான் என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வதை நான் அப்படியே தருகிறேன்.

கிருஷாந் எல்லோருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னார். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றார். மணி விழுந்த இடத்தை வெட்டிவிடலாமாம்.

தை மாதக் கடைசியில் யாழ்ப்பாண நகரத்து மண்டபமொன்றில் அரங்கேற்றம். கிருஷாந் நேரில் வந்து ஆழ்வாப்பிள்ளையை அழைத்தார்: "ஐயா, கட்டாயம் வரவேணும். நீங்கள் இல்லாட்டி இது இல்லை." நான்தான் கூட்டிப்போனேன். அவருக்கு வெள்ளை வேட்டி, சால்வை, கமக்கட்டில் இடுக்கி மடித்த வெறும் சாக்கு ஒன்று. சாக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் அதைச் சுருக்கம் விழாமல் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

படைப்பின் பெயர் 'நின்ற நீர்'. அது தயாளினி என்ற சுன்னாகத்து ஆசிரியை எழுதிய சிறு கவிதையின் பெயர். வெள்ளத்தில் அடுப்புக்குள் தவளை இருக்கிறது, அம்மா அதற்கு வழி விட்டுவிட்டு மூன்று கல் வைத்துச் சமைக்கிறாள் என்று வரும், நல்ல கவிதை. அதை என்ன செய்வார் என்று பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா? தயாளினியை வாசிக்கச் சொல்லிப் பிடித்து, அதில் மெய்யெழுத்துக்களை எல்லாம் அரித்தெடுத்துவிட்டார். மிஞ்சிய உயிரெழுத்துக்களையும், வயிற்றுவலிக்காரர் முனகுவதுபோல, நீட்டிவிட்டார்.

விளக்குகள் அணைந்தன. இருட்டில் நான்கு பக்கமும் ஏதோ ஊறியது. எனக்கு முன்வரிசையில் தயாளினி பக்கத்திலிருந்த தோழியிடம் கிசுகிசுத்தார்: "என்ரை கவிதை எப்ப வரும்?" தோழி சொன்னார்: "அது அப்பவே வந்து போயிட்டுது போலை."

ஆழ்வாப்பிள்ளை என் காதுக்குள், "இது தண்ணியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "தண்ணி இப்பிடி இராது. இது பல்லுக் கிண்டுற சத்தம்," என்றார். ஆனாலும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அப்போது, அந்த ஊறலுக்கு அடியிலிருந்து, டுப் டுப் டுப் டுப் என்று ஒன்று எழுந்து வந்தது. முதலில் மெதுவாக, பிறகு சீராக, பிறகு மண்டபம் முழுவதும். ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டார்.

"உது மெசின்!"

பின்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள்.

"மெசின் ஓடுது!" என்றார் ஆழ்வாப்பிள்ளை, இன்னும் உரத்து. அந்தக் குரலில் மகிழ்ச்சியும் இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

கைதட்டல் முடிந்து, கலந்துரையாடல் தொடங்கியது. கலைப் பக்கங்களில் எழுதும் செந்தூரன் எழுந்து, எழுந்த வேகத்தில் கண்ணாடியைக் கழற்றி, அந்த இயந்திர ஒலி நவீன மனிதனின் அந்நியமாதலைக் குறிக்கிறதா என்று கேட்டார். கிருஷாந் தலையைத் தாழ்த்தி யோசித்தார். தான் பிடித்து வந்த அமைதி மிகத் தூய்மையாக இருந்தது, அதனாலேயே உயிரில்லாமல் இருந்தது, ஏதோ ஒன்று குறைந்தது, மனிதன் போராடும் ஒரு தாளம் குறைந்தது, ஆகவே வாரக்கணக்காக உட்கார்ந்து கணினியில் ஒரு மெசினைச் செய்ததாகச் சொன்னார். மண்டபம் மீண்டும் கைதட்டியது.

ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார்கள். அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மெசின் அங்கை ஓடிக்கொண்டெல்லே இருந்தது. நிப்பாட்டச் சொன்னது நீங்களெல்லே?"

சிலர் சிரித்தார்கள். கிருஷாந்தும் அன்பாகச் சிரித்தார். "ஓம் ஐயா. ஆனா அது உண்மையான மெசின். உண்மையான சத்தம் தன்னைப் பற்றி மட்டும்தான் கதைக்கும்."

"அது என்ரை தண்ணியை வெளியிலை விட்டுக்கொண்டிருந்தது, தம்பி."

இதற்கு விழுந்த கைதட்டல்தான் அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரியது. செந்தூரன் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். கிருஷாந் கண் கலங்க மேடையிலிருந்து இறங்கி வந்து, ஆழ்வாப்பிள்ளையை மேலே அழைத்துச் சென்று, பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்த பிறகும் ஆழ்வாப்பிள்ளை இறங்கவில்லை. மேடையின் இரண்டு ஓரங்களையும் திரைக்குப் பின்புறத்தையும் எட்டிப் பார்த்தார். பிறகு கிருஷாந்தின் பக்கம் குனிந்து, தனக்கே கூச்சமான குரலில், "விதை வெங்காயம்?" என்று கேட்டார்.

கிருஷாந் கண்களை மூடித் தலையைச் சற்றே சாய்த்தார். இரண்டு சொற்களையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ஐயா," என்றார், "அருமையான தலைப்பு." உடனே போனை எடுத்து எழுதிக்கொண்டார்.

திரும்பிவரும்போது பொன்னாடை சாக்குக்குள் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை அதை மடியில் வைத்திருந்தார். மானிப்பாய் தாண்டும்போது, "கூடாத பெடியன் இல்லை," என்றார். "கேட்கிறதுக்கெண்டு அவ்வளவு பெரிய சாமான் வாங்கி வைச்சிருக்கிறான். பாவம்."

இந்த இனத்தைப் பற்றி நான் அறிந்தவை இவ்வளவுதான். ஆனால் இனம் என்று சொன்னால் கிளைகளையும் சொல்ல வேண்டும். தடியும் ஹெட்போனும் உள்ளவை மட்டும் இதில் அடக்கம் என்று நினைப்பது தவறு. வெள்ளத்துக்குள் நிற்பவரைத் தூக்குவதற்கு முன்னர் வெளிச்சம் சரியா என்று பார்ப்பவர் ஒரு கிளை. செத்தவீட்டில் ஒருத்தி ஒப்பாரி சொல்லும்போது, அடடா என்ன சொல் என்று உள்ளுக்குள் வியப்பவர் இன்னொரு கிளை. செந்தூரன் தனிக் கிளை. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். அவர்களில் பெரும்பாலோர் எனக்குத் தெரிந்தவர்கள். கைதட்டி முடிந்து வெளியே வந்து தேநீர் குடித்தபோது, ஆழ்வாப்பிள்ளை எவ்வளவு இயல்பாகப் பேசினார் என்று வியந்தார்கள். பேச்சில் ஒரு சொல்கூட வீணில்லை என்றார்கள். அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவரல்லர் என்பது எனக்குத் தெரியும். வாசிப்பவர்கள் எப்போதும் வேறு மாதிரி. பாண்காரர் வந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். அதில் பிழையில்லை, நானும் அதைச் சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். பொன்னாடை போர்த்திய இடத்தில் கொஞ்சம் மனம் இளகியிருக்கும். "தலைப்பு" என்று கிருஷாந் சொன்ன இடத்தை யாருக்காவது சொல்லிக்காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். மீனாம்பிகை மெசினை இழுத்துக்கொண்டு போன பிறகு, தையில் விளக்கு அணையும்வரை, இடையில் இரண்டு மாதம் கிடந்ததே. அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அந்தத் தோட்டத்துக்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். நீங்கள் இந்த இனத்தில் சேரமாட்டீர்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்வாப்பிள்ளையின் முறை மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, மெசின் கோளாறில்லாமல் ஓடித் தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளியது. தெற்கு மூலை பிழைத்தது. மற்றதெல்லாம் அழுகி, கையில் எடுக்க எடுக்கக் கரைந்தது. மூலையில் பிழைத்ததை விற்றார். விதைக்கு ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. தன் வெங்காயத்திலிருந்து கொஞ்சம் விதைக்குத் தருவதாக மீனாம்பிகை சொல்லியிருக்கிறார். அதை எப்படிக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்குவது என்று ஆழ்வாப்பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.